நைரோபி நண்பர் வீடு, மசாய் மாரா காடு: வாசகர் கேள்விகள்

கென்யாவின் மசாய் மாராவுக்கு ஆகஸ்டில் போகலாமா, டிசம்பரிலா? (அம்பாசமுத்திரம்)

ஆகஸ்ட். வில்டபீஸ்ட் (மாடு போன்ற பெரிய மான் வகை) மந்தைகள் மாரா ஆற்றைக் கடப்பதைப் பார்க்க ஆகஸ்டும் செப்டம்பரும்தான் நல்ல மாதங்கள். எந்த நாள் கடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால் மூன்று இரவாவது தங்குங்கள். டிசம்பருக்குள் பெரும்பாலான மந்தைகள் தான்சானியாவுக்குப் போய்விடும். சிங்கமும் யானையும் எப்போதும் உண்டு.

ஆப்பிரிக்காவுக்கு ஸ்வெட்டர் எதற்கு? (பாளையங்கோட்டை)

மாரா 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது. விடியற்காலை திறந்த ஜீப்பில் நம் மாஞ்சோலை மலைக் குளிர் அடிக்கும். எடுத்துப் போங்கள்.

டிக்கெட் போட்டாச்சு, அடுத்த வாரம் பயணம். மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமா? (தென்காசி)

இதை டிக்கெட் போடுவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும். எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கடிதம் வந்துகொண்டே இருக்கிறது. கென்யாவிலிருந்து திரும்பும்போது நம் நாட்டு விமான நிலையத்தில் சான்றிதழ் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டு பத்து நாள் ஆன பிறகுதான் அது செல்லும். அப்புறம் ஆயுள் முழுக்கப் போதும். கிளம்பும்போதே விமான கவுன்டரில் கேட்பதும் உண்டு. அரசு அங்கீகரித்த மையத்தில் மட்டும் போடுங்கள், சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் போல. முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் அறுபது வயது தாண்டியவர்களும் முதலில் டாக்டரிடம் பேசுங்கள்.

நண்பர் நைரோபியில் வேலை பார்க்கிறார். உள்ளூர் கட்டணத்தில் பூங்காவுக்குள் போகலாமா? (சங்கரன்கோவில்)

முடியாது. சலுகை அவருக்கு மட்டும். மாராவில் வெளிநாட்டவருக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை ஒரு நாளைக்குச் சுமார் 200 டாலர், மற்ற மாதங்களில் 100. ஏஜென்ட் சொல்லும் தொகையில் இது சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள்.

டிரைவருக்குக் கூடக் கொஞ்சம் பணம் கொடுத்தால் சிவிங்கிப்புலிக்கு (சீட்டா) பக்கத்திலேயே வண்டியை விடுவாராமே? (வள்ளியூர்)

தயவுசெய்து கொடுக்காதீர்கள். பாதையை விட்டு வண்டியை இறக்குவது அங்கே விதிமீறல். ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது என்பதும் விதிதான். நீங்கள் நீட்டும் நோட்டுக்காக அந்த மனிதர் வேலையை இழக்கலாம். சிவிங்கிப்புலி பகலில் வேட்டையாடும் பிராணி. வண்டிகள் சூழ்ந்துகொண்டால் மான் உஷாராகிவிடும், தாய்க்கு இரை தப்பும், குட்டிகள் பட்டினி கிடக்கும். மாராவில் நடந்த ஓர் ஆய்வு, வண்டி நடமாட்டம் மிகுந்த பகுதியில் தாய்கள் வளர்த்து ஆளாக்கிய குட்டிகள் மிகமிகக் குறைவு என்று காட்டியது. நம் முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தில் யாராவது இப்படி வண்டியை விட்டால் நாம் பொறுப்போமா? நல்ல டிரைவர் தூரத்திலேயே நிறுத்தி, இன்ஜினை அணைத்து, காத்திருப்பார். பைனாகுலர் கொண்டுபோய் அவரோடு நீங்களும் காத்திருங்கள். செல்ஃபிக்காகக் கீழே இறங்குவதும், கத்திக் கூப்பிடுவதும் வேண்டாம். டிப்ஸ் கொடுக்க விரும்பினால் பயணம் முடிந்த பிறகு, விதியை மதித்ததற்காகக் கொடுங்கள்.

நண்பர் வீட்டுக்கு அல்வா கொண்டுபோகலாமா? (திருநெல்வேலி டவுன்)

தாராளமாக. பிளாஸ்டிக் கேரிபேக்கில் மட்டும் வேண்டாம், கென்யாவில் 2017 முதல் அதற்குத் தடை. எண்ணெய்த்தாளில் சுற்றி டின்னிலோ பனையோலைப் பெட்டியிலோ வையுங்கள். மாராவுக்குச் சின்ன விமானத்தில் போவதானால் பை 15 கிலோவுக்குள், சக்கரம் இல்லாத துணிப்பையாக இருக்க வேண்டும். அல்வாவை நைரோபியிலேயே கொடுத்துவிடுங்கள். ஊசிச் சான்றிதழ் பாஸ்போர்ட்டோடு கைப்பையில் இருக்கட்டும், பெரிய பெட்டிக்குள் போடாதீர்கள்.

நண்பருக்கு ஒரு நாள்தான் லீவு. மாரா பார்த்துவிடலாமா? (கடையநல்லூர்)

சாலையில் போகவே ஐந்தாறு மணி நேரம் ஆகும். நைரோபி தேசியப் பூங்காவுக்குப் போங்கள், ஊரை ஒட்டியே இருக்கிறது. சிங்கம், காண்டாமிருகம், ஒட்டகச்சிவிங்கி எல்லாம் உண்டு. யானை மட்டும் கிடையாது. காலை ஆறு மணிக்கே வாசலில் நில்லுங்கள்.