மேலே மழை, கீழே வெயில்: காட்டாற்றுக் கயாக் பற்றி வாசகர் கேள்விகள்

கோழிக்கோடு மலையடிவாரத்தில் மழைக்காலத்தில் நடக்கும் மலபார் ரிவர் ஃபெஸ்டிவல் பற்றி, அதாவது கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகில் காட்டாற்றில் இறங்கிப் போட்டி போடும் விழா பற்றி, போன இதழில் நாலு வரிதான் எழுதினேன். அதற்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடையதை மட்டும் எடுத்திருக்கிறேன்.

மழைக்காலத்தில் ஆற்றில் இறங்காதே என்றுதான் வீட்டில் சொல்லி வளர்த்தார்கள். இவர்கள் என்னடாவென்றால் கொட்டும் மழையில் படகைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். வேறு மாதமே கிடைக்கவில்லையா?
(ஈரோடு வாசகர்)

கிடைக்கவில்லை, அதுதான் விஷயம். ஜனவரியில் கோடஞ்சேரி பக்கம் புலிக்கயத்துக்குப் போய்ப் பாருங்கள், சாலிப்புழாவில் பெரிய பெரிய பாறைகளுக்கு நடுவே முழங்கால் அளவுத் தண்ணீர் நெளிந்துகொண்டிருக்கும், கயாக்கை வைத்தால் தரைதட்டும். மேலே பனிமலை கிடையாது, திறந்துவிடப் பெரிய அணையும் கிடையாது. வயநாட்டு மலைச்சரிவில் பெய்கிற மழைதான் அந்த ஆறு. பக்கத்து இருவஞ்சிப்புழாவுக்கும் இதே கதை. அது கிளம்புகிற வெள்ளரிமலைத் தொடரில் வாவுல்மலை 2,339 மீட்டர் உயரம், கடலோ மலை உச்சியிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரம். அவ்வளவு உயரத்திலிருந்து அவ்வளவு சீக்கிரம் இறங்க வேண்டிய தண்ணீர் நடந்து வருமா, குதித்துத்தான் வரும். அந்தக் குதிப்புக்காகத்தான் இவர்களும் வருகிறார்கள்.

இன்னொன்று, ஜூலையில் இமயமலை ஆறுகள் பனி உருகியதும் மழையுமாகச் சேர்ந்து கட்டுக்கடங்காமல் ஓடும், ரிஷிகேஷில் ரப்பர் படகில் போகிற ராப்டிங்கையே நிறுத்திவிடுவார்கள். அங்கே கதவு சாத்தும் நேரத்தில் மலபாரில் கதவு திறக்கிறது. 2013-ல் மானிக் தனேஜா மாதிரியான சில கயாக்காரர்கள் ஆரம்பித்த விழா இது, பிற்பாடு கேரள சுற்றுலாத் துறையும் கைகோத்துக்கொண்டது. ஜெயிக்கிறவர்களுக்கு ‘ரேபிட் ராஜா’, ‘ரேபிட் ராணி’ என்று பட்டம் கொடுக்கிறார்கள்.

பாரிஸ் ஒலிம்பிக்கில் நாலு பேர் மேடையிலிருந்து தொப்பென்று தண்ணீரில் விழுந்து முட்டி மோதிக்கொண்டு போனார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?
(மதுரை வாசகர்)

பாதி ஒன்று. நீங்கள் பார்த்தது கயாக் கிராஸ், 2024-ல்தான் முதல்முறையாக ஒலிம்பிக்கில் சேர்த்தார்கள், ஆண்களில் நியூசிலாந்தின் ஃபின் புட்சரும் பெண்களில் ஆஸ்திரேலியாவின் நொயமி ஃபாக்ஸும் தங்கம் வாங்கினார்கள். மலபாரிலும் கிட்டத்தட்ட அதே பாணியில் ஒரு போட்டி உண்டு. வித்தியாசம் என்னவென்றால், ஒலிம்பிக்கில் ஓடுவது பம்ப் வைத்து இறைத்த தண்ணீர், காலையில் என்ன அளவோ மாலையிலும் அதே அளவு. காட்டாற்றிடம் அந்த ஒழுங்கை எதிர்பார்க்க முடியாது.

எவ்வளவு தண்ணீர் இருந்தால் இறங்கலாம், எவ்வளவு இருந்தால் கூடாது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? அளவுகோல் ஏதாவது உண்டா?
(தென்காசி வாசகி)

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய ஆறுகளுக்கு அரசாங்க அளவுகோல் இருக்கும். இந்த மாதிரி ஓடைகளில் ஆளுக்கொரு அடையாளப் பாறைதான். பாலத்துத் தூணுக்குப் பக்கத்தில் ஒரு பாறை, அதன் மேல்தலை வறண்டிருந்தால் தண்ணீர் போதாது, தலை நனைந்து அதன்மேல் மெல்லிசாக வழிந்தால் சரியான அளவு, பாறையே காணோம் என்றால் டீ குடித்துவிட்டு அறைக்குத் திரும்பலாம். ஆனால் ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புவது போதாது. பார்த்துவிட்டு, ஓரத்தில் தண்ணீர் தொடும் இடத்தில் ஒரு குச்சியை நட்டுவைத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இப்போது எவ்வளவு இருக்கிறது என்பதைவிட ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் முக்கியம்.

ஏனென்றால் ஜூன் மாத முதல் மழையை மண் குடித்துக்கொள்ளும். ஜூலை பாதியில் மண்ணுக்கு வயிறு நிறைந்துவிடும், அதற்குப் பிறகு விழும் மழை அப்படியே சரிவில் வழிந்து ஓடைக்கு வந்துவிடும். மேலே ஒரு மணி நேரம் வெளுத்து வாங்கினால் போதும், கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்து நிற்கும். தென்காசிக்காரரான உங்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை, 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையனைக் கொண்டுபோனதை மறந்திருக்க மாட்டீர்கள்.

வெள்ளம் வருமுன் சில அடையாளம் காட்டும். தெளிவாக ஓடிய தண்ணீர் கலங்கும். சருகும் சுள்ளியும் மிதந்து வரும். இரைச்சல் மாறும், இதைப் பழகின காது உடனே பிடித்துவிடும், தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் கடகடவென்று கல் உருளும் சத்தம் கேட்டால் ஆறு தன் படுக்கையையே நகர்த்திக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மழை நிற்காமல் பெய்யும்போது தண்ணீர் திடீரென்று குறைந்தால் சந்தோஷப்படாதீர்கள், அதுதான் எல்லாவற்றையும்விட மோசம். மேலே எங்கோ மண்ணோ மரமோ சரிந்து அடைத்திருக்கலாம், அடைப்பு உடைந்தால் மொத்தமாக வரும்.

சரி, தண்ணீர் கூடினால் பாறையெல்லாம் மூழ்கி வழி சுலபமாகிவிடாதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சில இடத்தில் ஆகும், பல இடத்தில் ஆகாது. பாறைக்குப் பின்னால் தண்ணீர் எதிர்ப்பக்கமாகத் திரும்பி அமைதியாக நிற்கும் சின்ன இடம் ஒன்று உண்டு, கயாக்காரர்கள் அதை எடி என்பார்கள். செங்குத்தான ஓடையில் இறங்குவது என்பதே ஒரு எடியிலிருந்து அடுத்த எடிக்குத் தாவித் தாவிப் போவதுதான், ஒவ்வொன்றிலும் நின்று மூச்சு வாங்கி அடுத்த இறக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார்கள். வெள்ளம் ஏறினால் முதலில் காணாமல் போவது இந்த எடிகள்தான். நிற்க இடமில்லாமல் நாலு இறக்கமும் சேர்ந்து ஒரே இறக்கமாகிவிடும். இதற்குமேல் தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நாலு மடங்கு. ஆறுகளின் கடினத்தை ஒன்றிலிருந்து ஆறு வரை தரம் பிரிப்பார்கள், நேற்று மூன்றாம் தரமாக இருந்த அதே ஓடை இன்றைக்கு ஐந்தாக இருக்கலாம். எனவே ‘போன வருஷம் நான் இதிலே போயிருக்கிறேன்’ என்று ஒருவர் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கயாக் கவிழ்ந்துவிட்டால்? இடுப்பு வரை உள்ளே மாட்டிக்கொண்டு தலைகீழாக இருப்பார்களே!
(புதுச்சேரி வாசகி)

கவிழாத ஆள் கிடையாது. கவிழ்ந்தவுடன் முதல் வேலை முன்பக்கமாகக் குனிந்து படகோடு ஒட்டிக்கொள்வது, அப்போது பாறையில் படுவது ஹெல்மெட்டும் லைஃப் ஜாக்கெட்டும்தான், முகம் தப்பும். அப்புறம் துடுப்பைப் படகின் பக்கவாட்டில் தண்ணீருக்கு மேலே கொண்டுவந்து, வெளிப்பக்கமாக வீசி இழுத்து, அதே நேரத்தில் இடுப்பை வெட்ட வேண்டும். படகை நிமிர்த்துவது கை இல்லை, இடுப்பு. தலை கடைசியில்தான் வெளியே வர வேண்டும். மூச்சுக்குத் தவித்து முதலில் தலையைத் தூக்கினால் மறுபடி கவிழ்ந்துவிடுவார்கள், புதியவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு இதுதான். இதற்கு ரோல் என்று பெயர், குளத்தில் கற்றுக்கொண்டு, இரண்டு பக்கமும் வரும்வரை பழகிவிட்டுத்தான் ஆற்றுக்குப் போக வேண்டும்.

ரோல் வரவில்லை என்றால் இடுப்பைச் சுற்றி மூடியிருக்கும் உறையின் முன்பக்கம் ஒரு வார் இருக்கும், அதைப் பிடித்து இழுத்தால் உறை கழன்று ஆள் வெளியே வந்துவிடலாம். வந்தபின் மல்லாந்து, கால் இரண்டையும் ஓட்டம் போகும் திசையில் நீட்டி, தண்ணீர் மட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு மிதக்க வேண்டும். தயவுசெய்து எழுந்து நிற்கப் பார்க்காதீர்கள், கயாக்கைத் தொடாதவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஓடும் தண்ணீரில் காலை ஊன்றினால் பாதம் பாறை இடுக்கில் சிக்கும், தண்ணீர் முதுகைத் தள்ளி முகத்தை அமுக்கும், இடுப்பளவு ஆழத்திலேயே ஆள் முடிந்துபோவார். நன்றாக நீச்சல் தெரிந்தவர்களும் இப்படித்தான் போகிறார்கள்.

தடுப்பணை மாதிரி சின்ன இறக்கமெல்லாம் இவர்களுக்குச் சர்வசாதாரணமாக இருக்கும் இல்லையா?
(தேனி வாசகர்)

நேர்மாறு. இருபது அடி அருவியில் சிரித்துக்கொண்டே இறங்குகிறவர்கள் நாலடித் தடுப்பணையைக் கண்டால் படகைத் தோளில் போட்டுக்கொண்டு கரையோரமாக நடப்பார்கள். அருவிக்கு அடியில் தண்ணீர் கோணல்மாணலாக விழும், எங்காவது ஒரு பக்கம் வெளியேற வழி இருக்கும். தடுப்பணையில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஒரே சீராக விழுந்து, கீழே போய், மேலே எழும்பி, மறுபடி சுவரை நோக்கியே திரும்பும். அதற்குள் விழுந்த மரக்கட்டை மணிக்கணக்கில் உருண்டுகொண்டே கிடக்கும். இருபுறமும் சுவர், பிடித்து ஏற ஒன்றுமில்லை. போதாததற்கு அந்தத் தண்ணீரில் காற்று கலந்து நுரைத்திருப்பதால் லைஃப் ஜாக்கெட்டுகூடச் சரியாகத் தூக்காது. பார்வைக்குச் சாது என்பதால்தான் ஜனங்கள் ஏமாறுகிறார்கள். நம்மூர்த் தடுப்பணைகளில் ஞாயிற்றுக்கிழமை குளிக்கப் போகிறவர்கள் இதை ஒருமுறை படித்துவிட்டுப் போகலாம்.

அருவியில் இறங்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். விளிம்புக்கு வந்ததும் கடைசியாக ஒரு வலுவான துடுப்பு வீச்சு போட்டு மூக்கைத் தூக்கி, படகை விழும் தண்ணீருக்கு வெளியே தாவ வைப்பார்கள், அதற்குப் பூஃப் என்று பெயர். நேரம் அரை நொடி தப்பினால் மூக்கு குத்தி, அடியில் சுழலும் தண்ணீருக்குள் போய்விடும்.

189 அடி அருவியிலிருந்து ஒருவர் கயாக்கில் விழுந்தார் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உருட்டா?
(சேலம் வாசகர்)

உண்மைதான். டைலர் பிராட், 2009, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பலூஸ் அருவி. ரசிக்கலாம், அதோடு விட்டுவிடலாம்.

என் மகன் கல்லூரியில் படிக்கிறான். முட்டுக்காட்டில் கயாக் ஓட்டியிருக்கிறான், நீச்சல் நன்றாக வரும். நண்பர்களோடு சேர்ந்து பழைய படகு வாங்கி மழையில் மலை ஓடைக்குப் போகிறேன் என்கிறான். அனுப்பலாமா?
(தாம்பரத்திலிருந்து ஒரு தாய்)

இப்போது வேண்டாம் அம்மா. முட்டுக்காட்டில் தண்ணீர் நின்றுகொண்டிருக்கிறது, படகுதான் போகிறது. மலை ஓடையில் எல்லாமே போகிறது. அடியோடு தடுத்துவிடவும் வேண்டாம், தடுத்தால் சொல்லாமல் போவான். செப்டம்பருக்குப் பிறகு ரிஷிகேஷுக்கு அனுப்புங்கள், கங்கையில் முறையாகச் சொல்லித்தரும் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே தண்ணீர் அதிகம் என்றாலும் ஆழமும் அகலமும் உண்டு, கவிழ்ந்தால் தலை பாறையில் இடிக்கும் வாய்ப்பு குறைவு. ரோல், எடி, கயிற்றுப்பை எறிந்து இன்னொருவரைக் காப்பாற்றுவது, இந்த மூன்றும் கைவந்தபின் தெரிந்தவர்களோடு மலபாருக்குப் போகட்டும். புதுப்படகு லட்ச ரூபாய்க் கணக்கில் வரும், அதனால் முதல் இரண்டு வருஷம் வாடகைப் படகே போதும். ஹெல்மெட்டிலும் லைஃப் ஜாக்கெட்டிலும் மட்டும் காசு பார்க்க வேண்டாம். அப்புறம், நம் பக்கத்து மலை ஓடைகளில் பல காப்புக்காட்டுக்கோ புலிகள் காப்பகத்துக்கோ உள்ளே வருகின்றன, வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கினால் ஆறு விட்டாலும் ரேஞ்சர் விடமாட்டார்.

கூட வரும் நண்பர்களைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். ‘இந்த இடத்தில் நான் நடந்து வருகிறேன்’ என்று ஒருவன் சொன்னால் மற்றவர்கள் கிண்டல் செய்வார்களா? செய்வார்கள் என்றால் அந்தக் கூட்டத்தோடு போகவே வேண்டாம்.

கயாக்கெல்லாம் நமக்கு ஆகாது. வேடிக்கை மட்டும் பார்க்கலாமா?
(கோவை வாசகர்)

தாராளமாக. மைசூர் வழியாகப் போனால் தாமரச்சேரி சுரத்தின் ஒன்பது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி அடிவாரத்துக்கு வரலாம், நீங்கள் கோவையிலிருந்து நேராகவே போய்விடலாம். சாலிப்புழாவில் புலிக்கயமும், இருவஞ்சிப்புழாவில் புல்லூராம்பாறை பக்கம் இலந்துகடவும் பார்க்க வசதியான இடங்கள். தேதியைச் சுற்றுலாத் துறை அறிவித்தபின் அறை போடுங்கள், மழையைப் பொறுத்து நாள் மாறும். கயிறு கட்டியிருந்தால் அதற்கு இந்தப்பக்கமே நில்லுங்கள், செல்ஃபிக்காகப் பாசி பிடித்த பாறையில் ஏற வேண்டாம். பதங்கயம், அரிப்பாறை அருவிகள் இரண்டும் பக்கத்தில்தான், அழகாகவும் இருக்கும், ஆனால் குளிக்க இறங்கியவர்கள் பலர் திரும்பாத இடங்கள். குடை உதவாது, மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள், அட்டைக்குக் கொஞ்சம் உப்பும்.