கரையொதுங்கும் கடற்பாசியைத் தென்னைக்கு இடலாமா?

கேள்வி: பாம்பன் தீவின் வடகரையில் எங்கள் தென்னந்தோப்பு உள்ளது. வாடைக்காற்றில் கரையொதுங்கிய பாசியை அள்ளிவந்து கன்றுகளைச் சுற்றிக் குவித்தோம். இப்போது இலை நுனிகள் கருகுகின்றன. இதை எருவாக்க இயலாதா?

பதில்: எருவாக்கலாம் ஐயா, ஆனால் ஈரத்தோடு அள்ளி நேரே கன்றின் தூரில் குவித்ததுதான் கேடாயிற்று. தாங்கள் அனுப்பிய படத்தில், மிளகளவுக் காற்றுப்பைகள் கோத்த பழுப்பு நிறக் கட்டக்கோரைப் பாசியும், அதனூடே பச்சை நாடா போன்ற கடல் தாழை என்ற கடற்புல்லின் இலைகளும் கலந்திருப்பதோடு, காய்ந்த பகுதியில் உப்பு வெள்ளையாகப் பூத்திருப்பதும் தெரிகிறது. தென்னை உப்பைத் தாங்கும் மரம் என்பது உண்மை. குளோரைடு அதற்குத் தேவையான சத்தும்கூட. எனினும் வேர் ஆழம் போகாத இளங்கன்றுக்கு அந்தத் தாங்குதிறன் இல்லை.

ஆகவே முதலில் அந்தக் குவியலை அகற்றி, உவர்ப்பில்லாத நீரை இரண்டு மூன்று நாள் தாராளமாகப் பாய்ச்சுங்கள். மணற்பாங்கான நிலமாதலால் உப்பு விரைவில் கீழிறங்கிவிடும். கிணற்று நீரே உவர்ப்பாக இருந்தால் அதனால் பயன் இல்லை; மழைநீரையே நம்ப வேண்டும்.

இனி அள்ளுவதைக் கிணற்றிலிருந்தும் மரங்களிலிருந்தும் தள்ளியுள்ள மேட்டில் மெல்லிய படலமாகப் பரப்பி, ஐப்பசி, கார்த்திகை மழையில் நன்கு நனையவிட்டால் உப்பின் பெரும்பகுதி கழுவப்பட்டுவிடும். பிறகு அரை அடி பாசி, அதன்மேல் சாணம், அதன்மேல் காய்ந்த சருகு என மாற்றி மாற்றி அடுக்கி, ஈரம் காயாமல் காத்து, மாதம் ஒருமுறை கிளறிவிடுங்கள். பாசியில் சாம்பல் சத்து மிகுதி, மணிச்சத்து குறைவு. சாணம் சேர்ப்பது அதற்காகவும்தான். கடல் தாழை நார் மிகுந்தது, மட்க நாளெடுக்கும். குவியலைக் காற்றுப் புகாமல் அமுக்கி வைத்தால் அழுகிய முட்டை நாற்றம் எழும். அந்த வாயு நச்சுத்தன்மை உடையது, அருகில் நிற்காதீர்கள். எருக்குழிதான் காண்டாமிருக வண்டு முட்டையிடும் இடம் என்பதால், கிளறும்போது வெண்ணிறப் புழுக்களைப் பொறுக்கி அழித்துவிடுங்கள். தோப்புக்காரர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இதில்தான்.

மட்கிய எருவை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசைமனுக்குக் கீழே இருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள். காய்க்கும் மரத்துக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழுவுரம் இடுவது பரிந்துரை. அதில் பாதியை இதைக் கொண்டு ஈடுசெய்து, தூரிலிருந்து 1.8 மீட்டர் வட்டத்தில் இட்டு மண்ணோடு கலந்துவிடுங்கள். கட்டக்கோரை போன்ற பழுப்புப் பாசிகள் ஆர்சனிக்கைச் சேர்த்து வைப்பவை என்பதால், கீரைப் பாத்திக்கு இடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்னொன்றையும் வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். ஜே.சி.பி. வைத்துக் கரையை வழிக்காதீர்கள். அலையடியில் கிடக்கும் பாசிதான் மணலைப் பிடித்து நிறுத்துகிறது. இயந்திரம் பாசியோடு மணலையும் சேர்த்து அள்ளிவிடும், தோப்பு கடலுக்கு இன்னும் நெருக்கமாகிவிடும். கையால் மேலாக வாரி, நைலான் வலைத் துண்டுகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு, ஒரு பகுதியைக் கரையிலேயே விட்டுவையுங்கள். பங்குனி ஆமை எனப்படும் கடலாமைகள் முட்டையிடும் தை முதல் பங்குனி வரை மணல்மேட்டுப் பக்கம் வண்டி எதையும் இறக்க வேண்டாம். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவைச் சேர்ந்த 21 தீவுகள் பாதுகாக்கப்பட்டவை. படகில் சென்று அங்கிருந்து எதையும் அள்ளிவர எண்ணாதீர்கள்.