போர்வெல் போட்ட பிறகு என்ன? மலாவிக் குடிநீர் பற்றிக் கேள்வி பதில்

ஆப்பிரிக்க நாடான மலாவியின் கிராமக் குடிநீர்ப் பணிகளில் சில ஆண்டுகள் இருந்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

நண்பர்கள் சேர்ந்து ஒரு கிராமத்துக்கு போர்வெல் போட்டுக் கொடுக்க ஆசைப்படுகிறோம். எவ்வளவு ஆகும்?

தொகை இருக்கட்டும். மூன்றாம் ஆண்டில் கைப்பம்பின் வாஷர் தேய்ந்தால் யார் மாற்றுவார்கள்? 2009இல் ஆப்பிரிக்காவின் 20 நாடுகளுக்குத் திரட்டிய மதிப்பீட்டில், கைப்பம்புகளில் ஏறத்தாழ 36 சதவீதம் வேலை செய்யவில்லை. கீழே தண்ணீர் கிடக்கும். மேலே ஒரு ரப்பர் வளையத்துக்கு ஆள் தேடுவார்கள். எனவே பணத்தில் ஒரு பங்கை உதிரிபாகம் விற்கும் கடைக்கும் பழுதுபார்க்கும் பயிற்சிக்கும் ஒதுக்குங்கள். பம்பைப் பராமரிக்கும் ஊர்ச் சந்தாவை மாதாமாதம் கேட்காதீர்கள்; மக்காச்சோள அறுவடை முடிந்ததும் கேளுங்கள். கையில் காசு புழங்குவது அப்போதுதான்.

நம் ஊர் அடிபம்பு அங்கேயும் உண்டா?

உண்டு. 1970களில் யூனிசெஃப் துணையோடு உருவாகி, கோவைப் பகுதியில் சோதிக்கப்பட்ட இந்தியா மார்க் 2 ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் ஓடுகிறது. உகாண்டாவில் அதற்கு யு2 என்று பெயர். ஆனால் கிணற்றுக்குள் இருக்கும் அதன் உருளையைப் பழுது பார்க்க, குழாய் முழுவதையும் மேலே தூக்க வேண்டும். மூன்று கால் தூக்குச் சட்டமும் நாலைந்து ஆட்களும் தேவை. மலாவியில் வேர்விட்ட ஆஃப்ரிடெவ் பம்பில் குழாயை அசைக்காமலே பிஸ்டனை உருவிவிடலாம். ஒரு ஸ்பேனரோடு இரண்டு பெண்கள் மதியத்துக்குள் முடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

குழந்தைகள் சுற்றும் ராட்டினத்தால் தண்ணீர் இறைக்கும் பம்பு?

படத்தில் அழகு. குழந்தைகள் பள்ளிக்குப் போனதும் அந்த இரும்புச் சக்கரத்தைக் கையால் தள்ளிய பாட்டிகளைக் கேட்டுப் பாருங்கள்.

போர்வெல் தண்ணீர் சுத்தம்தானே, பிறகு ஏன் வயிற்றுப்போக்கு?

பம்பின் வாயில் சுத்தம். அதன் பிறகு மூடியில்லாத கேன், அதில் மூழ்கும் குவளை, குவளையைப் பிடித்த விரல். மேற்கு கென்யாவில் ஊற்றுகளைச் சுற்றிக் கான்கிரீட் கட்டிப் பாதுகாத்தபோது, ஊற்று நீரில் மலக்கிருமிகள் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தன; வீட்டுப் பானையிலோ கால் பங்குதான் குறைந்தன. அதனால்தான் தண்ணீர் பிடிக்கும் இடத்திலேயே குளோரின் பெட்டி வைக்கிறார்கள். வால்வைத் திருப்பினால் 20 லிட்டர் கேனுக்கு வேண்டிய அளவு விழும். அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். கேன் வீட்டில் இருக்கும்போதும் ஓரிரு நாள் அந்தக் குளோரின் காவல் காக்கும். பெட்டி காலியானால் நிரப்ப ஊரில் ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். மறுபடியும் அதே வாஷர் கதை.

காய்ச்சிக் குடித்தால் போதாதா?

கிருமிக்குப் போதும், விறகு கிடைத்தால். எத்தியோப்பியா, கென்யா, தான்சானியாவின் பிளவுப் பள்ளத்தாக்குப் பகுதிகளில் சிக்கல் ஃபுளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டிய கிணறுகள் அங்கே ஏராளம். காய்ச்சினால் நீர் ஆவியாகி ஃபுளோரைடு இன்னும் செறியும். அங்கே முதல் செலவு ஆய்வகச் சோதனைக்கு.

பம்பு இருந்தும் சிலர் ஆற்றுக்கே போகிறார்களாமே, அறியாமையா?

இல்லை. பம்பு தண்ணீரில் துணி செம்பழுப்பாகிறது, தேநீர் கறுக்கிறது, தண்ணீரில் துரு வாடை. அவர்கள் மூக்கு பொய் சொல்லவில்லை. விடிந்ததும் முதலில் வரும் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடியுங்கள்; வெகுநேரம் அடித்த பிறகு இன்னொன்றில் பிடியுங்கள். இரண்டாவது தெளிந்திருந்தால் அரிக்கப்பட்ட இரும்புக் குழாய்தான் காரணம், மாற்றிவிடலாம். இரண்டும் சிவந்திருந்தால் இரும்பு நிலத்தடியிலேயே இருக்கிறது.