பத்துப் பேர் மரக்காட்டைச் சேர்த்து விற்றால் பணத்தை ஏக்கர் கணக்கில் பிரிக்கலாமா?

ஆளுக்கு இரண்டு மூன்று ஏக்கர் மரக்காடு, பத்துப் பேர் சேர்ந்து ஒரே வியாபாரிக்கு விற்கப் போகிறீர்கள், வரும் பணத்தை ஏக்கருக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்ளலாமா என்பது உங்கள் கேள்வி. வேண்டாம். ஓடையோரத்து மரமும் பாறைமேட்டு மரமும் ஒரே வருடம் நட்டதாக இருந்தாலும் பருமன் ஒன்றாகாது. நன்றாக வளர்த்தவர் முதல் விற்பனையோடு கழன்றுகொள்வார். மிஞ்சுவது சோனி மரங்கள். அதற்கு எந்த வியாபாரியும் லாரி அனுப்ப மாட்டார்.

வழி, வண்டி, வெட்டும் ஆட்கள், பேரம், தீத்தடுப்புக் கோடு, இவற்றைப் பொதுவாக வையுங்கள். மரம் கடைசி வரை அவரவர் கணக்கிலேயே இருக்கட்டும்.

அதற்கு, வெட்டுவதற்கு முன்பே அளக்க வேண்டும். இவ்வளவு சிறிய நிலத்துக்கு மாதிரி வட்டம் போட்டு, அதற்குள் உள்ள மரங்களை மட்டும் அளந்து மொத்தத்தைக் கணக்கிடுவது சரிவராது, ஒவ்வொரு மரத்தையும் எண்ணுங்கள். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் டேப்பைச் சுற்றுங்கள் (சில நாடுகளில் 1.37, எதுவானாலும் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும்). சரிவில் நிற்கும் மரத்தை மேட்டுப் பக்கம் நின்று அளக்க வேண்டும். அந்த உயரத்துக்குக் கீழே கவை பிரிந்திருந்தால் இரண்டு மரம். டேப் பிடிப்பவர் உரிமையாளர் என்றால், நோட்டில் எழுதுபவர் வேறொரு உறுப்பினராக இருக்க வேண்டும்.

வெட்டப்போகும் மரத்தில் பெயிண்ட் இரண்டு இடத்தில் வேண்டும்: மார்பு உயரத்தில் எண், வேரோடு ஒட்டிய அடியில் ஒரு பொட்டு. மேலே உள்ள எண் தடியோடு போய்விடும், பொட்டு அடிக்கட்டையிலேயே நிற்கும். வேலை முடிந்ததும் காட்டைச் சுற்றி வந்து அடிக்கட்டைகளைப் பாருங்கள். பொட்டு இல்லாத அடிக்கட்டை கண்ணில் பட்டால் குறிக்காத மரம் ஒன்று போயிருக்கிறது. துண்டு போட்டவுடன் வெட்டுமுகத்தில் க்ரேயானால் ‘ஆ 17-3’ என்று எழுதிவிடுங்கள்: ‘ஆ’ உரிமையாளர், 17ஆம் மரம், மூன்றாம் துண்டு. தடிகளை இழுத்துக் குவியலில் போட்ட பிறகு எழுதலாம் என்று விட்டால் எது யாருடையது என்று ஒருவருக்கும் தெரியாது. எல்லையில் நிற்கும் மரத்தை இரு பக்கத்தாரும் கையெழுத்துப் போடும் வரை தொடாதீர்கள்.

எடைக்கு விற்பதாக இருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு. பச்சை மரத்தில் ஏறத்தாழ பாதி எடை தண்ணீர். முதலில் வெட்டியவரின் தடி மூன்று வாரம் வெயிலில் கிடந்து, கடைசியாக வெட்டியவரின் ஈரத்தடியோடு ஒரே நாளில் எடைமேடை ஏறினால் முன்னவருக்கு நஷ்டம். அதனால் பங்கைக் காட்டில் அளந்த கன அளவை வைத்துப் பிரியுங்கள். எடைச்சீட்டு வியாபாரியிடம் மொத்தப் பணம் வாங்க மட்டும்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கன அளவுக்கு விற்கும்போது கால்சுற்றளவுக் கணக்கை, அதாவது தடியின் நடுச்சுற்றளவில் கால் பங்கை அதே எண்ணால் பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்கும் ஹோப்பஸ் கணக்கை, வியாபாரி சொன்னார் என்று கண்ணை மூடி ஏற்கிறார்கள். நடுச்சுற்றளவு 80 செ.மீ., நீளம் 3 மீட்டர் என்றால் அந்தக் கணக்கில் 0.12 கன மீட்டர். உண்மையில் தடியில் இருப்பது சுமார் 0.153. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏட்டிலேயே ஏறுவதில்லை. அறுக்கும்போது சேதாரம் உண்டே என்பார்கள். உண்டுதான், அதற்காகத்தான் தடி விலையே பலகை விலையைவிடக் குறைவாக இருக்கிறது. ஒரே சேதாரத்தை இரண்டு தடவை கழிப்பானேன்? அந்தக் கணக்கில்தான் வாங்குவேன் என்றால் வாங்கட்டும், விலையை அதற்கேற்ப ஏற்றிக் கேளுங்கள்.

“2009இல் நோபல் வாங்கிய எலினோர் ஆஸ்ட்ரம் ஊரே சேர்ந்து காட்டை ஆளலாம் என்று காட்டினாரே” என்று யாராவது பின்னூட்டத்தில் வருவார்கள். அவர் முக்கியமாக ஆராய்ந்தது பொதுவளம், அதாவது பலர் சேர்ந்து பயன்படுத்தும் காடு, மேய்ச்சல் நிலம் போன்றவை. உங்களுடையது தனித்தனிப் பட்டா, பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். உங்களுக்கு நெருக்கமான உதாரணம் தென் ஸ்வீடனின் சோட்ரா: 1938இல் தொடங்கிய கூட்டுறவு, சுமார் 50,000 உறுப்பினர்கள், காடு அவரவருடையது, மரத்தை வாங்குவதும் ஆலை நடத்துவதும் சங்கம். ஆஸ்ட்ரமிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது தண்டனை விஷயம்: முதல் தவறுக்குச் சின்ன அபராதம், திரும்பச் செய்தால் பெரிது. எடுத்த எடுப்பில் நீக்குவோம் என்று எழுதிவைத்தால் யாரும் யாரையும் நீக்க மாட்டார்கள்.

பொதுச் செலவுக்கு ஒவ்வொரு கன மீட்டருக்கும் ஒரே தொகை பிடியுங்கள். தடி இழுக்கும் பாதை யார் நிலத்தில் போகிறதோ அவருக்கு அதிலிருந்து முதலில் கொடுங்கள், அங்கே மண் இறுகி அடுத்த நடவு தேறாது. மழை பெய்த மறுநாளே டிராக்டரை இறக்கினால் அந்தப் பாதை பள்ளமாகி, தண்ணீர் ஓடும் வாய்க்காலாகிவிடும்.

உறுப்பினர் இறந்தாலோ நிலத்தை விற்றாலோ என்ன செய்வது என்பதை முதல் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். பாதை உரிமை நிலத்தோடு போக வேண்டும், அதைப் பதிவு செய்யுங்கள். இல்லையென்றால் நடுவில் இருக்கும் ஒரு நிலத்தைப் புதிதாக வாங்கியவர் வேலி போட்ட அன்று, அதற்குப் பின்னால் இருக்கும் காட்டுக்கு லாரி போக வழியிருக்காது.