திருச்சியில் செய்யும் வித்வன்சக் துப்பாக்கி: கேளுங்கள், சொல்கிறேன்

கே: இது ஸ்னைப்பர் துப்பாக்கிதானே?
ப: பல ஸ்னைப்பர்களைப் போல போல்ட்டைக் (பேரலின் பின்வாயை மூடும் தண்டு) கையால் இழுத்து ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றுவதால் அந்தக் குடும்பம்தான். ஆனால் குறி ஆள் இல்லை, பொருள்: பதுங்குகுழி, வண்டி, ரேடார், எரிபொருள் தொட்டி.

கே: மூன்று காலிபரா (தோட்டா அளவா)?
ப: ஆமாம். குண்டின் விட்டம் × தோட்டா உறையின் நீளம் என்று சொன்னால் 12.7×108, 14.5×114, 20×82 மி.மீ. பேரல் (குழல்), போல்ட், மேகசின் (தோட்டாப் பெட்டி), ஸ்கோப் (குறிபார்க்கும் கண்ணாடி) நான்கையும் சேர்த்து மாற்ற வேண்டும். பழகிய கைக்கு ஒரு நிமிடம் போதும். தூரம் வேண்டுமென்றால் 14.5. 20 மி.மீ. குண்டு கனம், வேகம் குறைவு, சீக்கிரம் தாழும். அதனால்தான் காலிபருக்கு ஒரு ஸ்கோப். பழைய ஸ்கோப்பை மறந்து விட்டுவிட்டால் குண்டு எங்கோ போகும். மாற்றியதும் ஜீரோ பாருங்கள், அதாவது ஸ்கோப்பில் குறித்த இடத்திலேயே குண்டு படுகிறதா என்று சரிபாருங்கள்.

கே: தோள் பிய்ந்துவிடாதா?
ப: பேரலும் போல்ட் பகுதியும் சேர்ந்து சட்டத்துக்குள் பின்னால் வழுக்கும், உதையில் ஒரு பங்கு அங்கேயே தீரும். முனையில் உள்ள பிரேக், வாயுவைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். அதற்கு விலை புழுதி. முதல் சூட்டிலேயே இடம் காட்டிக்கொடுக்கும், அதனால் முனைக்குக் கீழே தரையை நனைப்பார்கள். வழுக்கும் தடத்தில் மணல் சேர்ந்தால் உதை நேரே தோளுக்கு.

கே: லைசென்ஸ் கிடைக்குமா?
ப: கிடைக்காது.

கே: தென்னாப்பிரிக்காவின் டெனெல் நிறுவனம் செய்யும் என்டிடபிள்யூ-20 துப்பாக்கியின் காப்பிதானே? இதைச் சுதேசி என்பதா?
கே: அப்படிச் சொல்வது திருச்சித் தொழிலாளிக்கு அவமானம்!
ப: இருவரும் பொறுங்கள். இடப்பக்க மேகசின், வழுக்கும் சட்டம், மாற்றும் பேரல் மூன்றும் தென்னாப்பிரிக்கத் துப்பாக்கியில் முன்பே இருந்தவை. 2005-இல் டெனெலை இந்தியா கறுப்புப் பட்டியலில் வைத்து ஒதுக்கிய பிறகுதான் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை இதில் இறங்கியது. யோசனை அங்கிருந்து, செய்நேர்த்தி இங்கிருந்து. இந்தியாவில் செய்த இஷாபூர் 2ஏ1 துப்பாக்கியும் பிரிட்டிஷ் லீ என்ஃபீல்டு வழிதான், அதை யாரும் அன்னியம் என்பதில்லை. பேரலுக்குள் குண்டைச் சுழலவைக்கும் வரி வெட்டுவதை வரைபடம் பார்த்து மட்டும் கற்க முடியாது, ஐயா. எல்லைப் பாதுகாப்புப் படையும் வாங்கியது.

கே: அப்படியென்றால் காப்பி இல்லையா?
ப: மேலே சொன்னதைப் படியுங்கள்.

கே: ரஷ்ய ஸ்னைப்பர் டிராகுனோவ் நல்லதா, இதுவா?
ப: அது பாதி தானியங்கி, போல்ட் இழுக்கும் வகையே இல்லை. ஒப்பிட ஒன்றுமில்லை.

கே: லைசென்ஸ்...
ப: மேலே இருக்கிறது.

கே: கேமில் ஒருத்தனே தூக்கிக்கொண்டு ஓடுகிறானே?
ப: 12.7-க்கே 25 கிலோ, தம்பி. பிரித்து இரண்டு பேர் சுமப்பார்கள். சேர்த்துப் பூட்டியதும் ஜீரோ பார்க்க வேண்டும், அது கேமில் வராது.