சோதித்தறிந்து, புசித்து

அன்புள்ள அண்ணாச்சி,

நாசரேத் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். இருபது வருடம் ஞாயிறு பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தவள். என் மாமியாருக்கு நினைவு தப்பிவிட்டது. ஏழு மாதம் முன்பு, ஊட்டிய கஞ்சியை மூன்றாம் முறையும் துப்பியபோது கிண்ணத்தைத் தரையில் வீசி அடித்தேன். அத்தை பயந்துபோய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். அன்றிலிருந்து நான் திருவிருந்துக்கு, கோயிலில் அப்பமும் ரசமும் வாங்கும் ஆராதனைக்கு, போவதில்லை. 'பூரண சற்குணராயிருக்கக்கடவீர்கள்', குறையே இல்லாமல் இருங்கள் என்று ஆண்டவர் சொல்லியிருக்கிறார். அப்படியானால் நம்மை ஏன் இத்தனை குறையோடு படைத்தார்? இந்தக் கோபம் போகிறவரை விலகியிருப்பதுதானே மரியாதை? பரிசுத்த வாழ்வைக் கண்டிப்பாகப் போதிக்கும் வேறு சபைக்கு மாறிவிடலாமா என்றும் நினைக்கிறேன்.

பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை நேற்று இரவு படித்தேன். அத்தை சுவரோடு ஒட்டிக்கொண்ட அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. அதை மறைக்காமல் எழுதினீர்களே, அதற்காகவே பதில் எழுதுகிறேன். சில மாதங்களாக என் தாத்தாவின் நினைவும் ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. ஏன் என்று உங்கள் கடிதம் வந்த பிறகுதான் புரிந்தது.

சபை மாறும் பேச்சுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. எந்த ஊருக்குப் போனாலும் உங்கள் கோபமும் அதே பஸ்ஸில் ஏறித்தான் வரும். கடவுள் ஏன் குறையோடு படைத்தார் என்ற கேள்விக்கு அகுஸ்தீன் காலத்திலிருந்து பெரியவர்கள் எழுதிக் குவித்திருக்கிறார்கள். கிண்ணத்தை வீசிய கைக்கு அதெல்லாம் இப்போது உதவாது.

'பூரண சற்குணர்' என்ற வசனத்தை மட்டும் தொட்டுவிட்டுப் போகிறேன். மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் அதற்கு மூன்று வசனம் முன்னால் என்ன இருக்கிறது? தீயோர்மேலும் நல்லோர்மேலும் பிதா சூரியனை உதிக்கப்பண்ணுகிறார் என்று இருக்கிறது. ஆள் பார்த்துப் பெய்யாத மழை, அதுதான் அங்கே பேசப்படும் பூரணம். லூக்காவில் இதே வாக்கியம் வருகிற இடத்தில், 'உங்கள் பிதா இரக்கமுள்ளவராயிருக்கிறதுபோல' என்றே இருக்கிறது. மத்தேயுவின் கிரேக்கச் சொல்லுக்கு முற்றியது, வளர்ந்து நிறைந்தது என்று பொருள். பவுலே பிலிப்பியருக்கு எழுதும்போது, 'முற்றும் தேறினவனானேன் என்று எண்ணாமல்' தொடருகிறேன் என்கிறார். பவுலுக்கு இல்லாத அவசரம் உங்களுக்கு எதற்கு?

இப்போது திட்ட வேண்டிய இடத்துக்கு வருகிறேன். 'விலகியிருப்பதுதானே மரியாதை' என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை அம்மா. அதில் மரியாதை இல்லை, வீம்புதான் இருக்கிறது. உங்கள் வீட்டு அடுக்களையில் நீங்களே ஒரு நியாயாசனம் போட்டு, நீங்களே உட்கார்ந்து, நீங்களே தண்டனை எழுதிக்கொண்டீர்கள். சபை உங்களை விலக்கவில்லை, நம் போதகரான ஐயர் விலக்கவில்லை, ஆண்டவர் விலக்கவில்லை. நம் ஆராதனை முறையில், அப்பத்தை வாங்குமுன் சொல்லும் ஜெபம் ஒன்று உண்டு. மேசைக்குக் கீழே விழும் துணிக்கைகளைப் பொறுக்கவும் நாங்கள் தகுதியில்லாதவர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் எல்லோரும் எழுந்து முன்னால் போகிறோம். இருபது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன நீங்கள் அதை ஒருநாளும் காதுகொடுத்துக் கேட்கவில்லையா?

எங்கள் ஊர் உடன்குடிக்கு மேற்கே, தேரிக்காட்டு ஓரம். 1986 வரைக்கும் உங்கள் ஊர்போல அதுவும் திருநெல்வேலி மாவட்டம்தான். தாத்தா பனையேறி. பதநீர்க் காலத்தில் பாளையைத் தினமும் சீவ வேண்டும். இரண்டு நாள் சீவாமல் விட்டால் ஊறல் நின்று பாளை வீணாகிவிடும். பாளைக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. விடியுமுன் ஏறி, கலயத்தை இறக்கி, ஆச்சியிடம் பதநீரைக் காய்ச்சக் கொடுத்துவிட்டு, கிணற்றில் குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கோயிலுக்கு வருவார். கடைசித் தூணருகே உட்காருவார். பிரசங்கம் முடிந்து திருவிருந்துக்கு ஆயத்தம் தொடங்கியதும் எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொள்வார். ஓய்வுநாளில் மரம் ஏறியவன் அப்பத்தைத் தொடக் கூடாது என்று சிறுவயதில் யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னது யார் என்பதுகூட அவருக்கு ஞாபகமில்லை. நாற்பது வருடம் அந்த மரத்தடியிலேயே நின்றார்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு வயதான ஐயர் எங்கள் சேகரத்துக்கு மாறி வந்தார். ஒரு நாள் பனந்தோப்புக்கே, எங்கள் விளைக்கே வந்துவிட்டார். தாத்தா பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுத்தார். குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து வேதாகமத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். தாத்தாவுக்கு வாசிக்கத் தெரியாது. முதலாம் கொரிந்தியர் பதினொன்று, இருபத்தெட்டு. நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன்: 'எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன்.'

"சோதித்தறிந்து, அப்புறம் என்ன?" என்று ஐயர் கேட்டார்.

"புசித்து" என்றேன்.

"மரத்தடியில் நின்று என்று இருக்கிறதா? நன்றாகப் பார்த்துச் சொல்."

நான் பார்த்தேன். இல்லை என்றேன். தாத்தா அருவாள்பெட்டியின் வாரைப் பிடித்து இழுத்துக்கொண்டே தரையைப் பார்த்தபடி நின்றார்.

தங்கை, அந்த வசனத்தை இன்று மாலை நீங்களும் எடுத்து, விரல் வைத்து வாசியுங்கள். முன்வசனத்தில் உள்ள 'அபாத்திரமாய்', அதாவது தகாதவிதமாய், என்ற சொல்தான் உங்களைப் பயமுறுத்துகிறது என்று எனக்குத் தெரியும். அது புசிக்கிற விதத்தைச் சொல்லும் சொல். புசிக்கிறவரின் யோக்கியதையை அளக்கும் சொல்லாக அதை நாம் மாற்றிவிட்டோம். கொரிந்துவில் என்ன நடந்தது? வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு தின்றார்கள், இல்லாதவர்கள் வெறும் வயிற்றோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்', குடிவெறியில் இருக்கிறான் என்று பவுல் கொதிக்கிறார். கோயில் விருந்தான அசனத்தில் ஒரு பந்திக்குக் கறியும் அடுத்த பந்திக்கு வெறும் சோறும் போட்டால் ஊர் சும்மா இருக்குமா? அந்த அநியாயத்தைத்தான் அபாத்திரம் என்றார். முடிவில் அவர் கொடுக்கும் பரிகாரமும் எளிது: ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள். முழுமை அடைகிறவரை வராதிருங்கள் என்று எந்த வரியிலும் இல்லை. முதல் பந்தியிலேயே, காட்டிக்கொடுக்கிறவனின் கை தம்மோடு பந்தியில் இருக்கிறது என்று ஆண்டவர் அறிந்தே சொன்னார். அன்று இரவே மறுதலிக்கப்போகிற பேதுருவும் அங்கேதான் சாப்பிட்டார்.

நம் திருநெல்வேலிச் சபை யாரிடமிருந்து தொடங்கியது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். குளோரிந்தா. தஞ்சாவூர் மராட்டியப் பிராமண விதவை, ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தவர். அந்த வாழ்க்கையைக் காரணம் காட்டி ஜெர்மன் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயர் முதலில் அவருக்கு ஞானஸ்நானம் மறுத்தார். அதிகாரி இறந்துபோனார். 1778இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஷ்வார்ட்ஸ் ஞானஸ்நானம் கொடுத்தார். இடையில் அந்தப் பெண் புனிதவதியாகிவிடவில்லை, ஒரு மரணம் நடந்தது, அவ்வளவுதான். 1780இன் சபைப் பதிவேட்டில் நாற்பது பேர். அவர் முயற்சியில் எழுந்து 1785இல் பிரதிஷ்டையான கோயில் இன்றும் நிற்கிறது. இடையன்குடிக்குப் போனால் கால்டுவெல் ஐயரின் கல்லறை கோயிலுக்குள்ளேயே, பீடத்தருகே இருக்கிறது. 1841 முதல் இந்த மண்ணுக்கு உழைத்தவர்தான். ஆனால் 1849இல் எங்கள் பனையேறி மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் அவர் எழுதிய புத்தகத்தால் பட்ட புண் பல ஆண்டுகள் ஆறவில்லை. புண்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கேதான் முழங்காலில் நின்று அப்பம் வாங்குகிறார்கள். நானும் வாங்கியிருக்கிறேன். அவரை எனக்கு இன்னும் முழுதாக மன்னிக்க முடியவில்லை, ஆனாலும் வாங்கினேன்.

அடுத்த திருவிருந்து ஞாயிறு தாத்தா வெளியே போகவில்லை. கடைசி ஆளாக முன்னால் போய் முழங்காலிட்டார். நான் சுவரோரம் நின்று எட்டிப் பார்த்தேன். அத்தனை வருடம் மரத்தையும் அருவாளையும் பிடித்த விரல்கள், அவருக்குக் கை விரியாது. ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த கைகள் பாதி மூடியபடியே நின்றன. காலையில் கலயத்துக்குத் தடவிய சுண்ணாம்பு நகக்கண்களில் வெள்ளையாகத் தெரிந்தது. ஐயர் குனிந்து, விரல்களுக்கு இடையே அப்பத்தை வைத்தார். தாத்தா கொஞ்சநேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பின்னால் நின்ற, ஐயருக்கு உதவியாளரான உபதேசியார் மெல்லத் தோளைத் தொட்ட பிறகுதான் வாயில் போட்டார்.

அன்று சாயங்காலமும் பனை ஏறினார். சாகும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறினார்.

உங்கள் கோபம் போய்விடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். நினைவு தப்பியவர்களைப் பார்த்துக்கொள்வது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். இரவில் யாராவது ஒருவர் உங்களுக்கு மாற்றாக இருக்கட்டும், அதை வீட்டில் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். அத்தையால் கோயில் படி ஏற முடியாதென்றால் ஐயரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அந்தச் சுவரோரமே பாய் விரித்து, அத்தைக்கு முதலில் கொடுக்கச் சொல்லிவிட்டு, நீங்களும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி