மூன்று சப்ளையர், மூன்று சர்டிபிகேட்: ஃபயர் ரேட்டட் கண்ணாடியில் எதை நம்பி வாங்குவது?

கேள்வி: பெங்களூரு பொம்மசந்திராவில் எங்கள் கம்பெனி கிடங்கும் அதன் மேலே அலுவலகமும் கட்டுகிறது. உள்ளே வரும் கண்ணாடிப் பார்ட்டிஷனும் கதவுகளும் ஃபயர் ரேட்டட் ஆக, அதாவது தீயைக் குறிப்பிட்ட நேரம் தடுத்து நிற்பதாக, இருக்க வேண்டும் என்கிறார் ஆர்க்கிடெக்ட். மூன்று சப்ளையர்களிடம் விலை கேட்டேன். மூவரிடமும் 120 நிமிட சர்டிபிகேட் இருக்கிறது, விலைதான் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறது. சூடாக்கி உறுதியாக்கிய டஃபன்ட் கண்ணாடியே போதும் என்று இன்னொருவர் சொல்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்:

மூவரிடமும் சர்டிபிகேட் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் பார்த்துத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். உங்களுக்கு வந்திருப்பது அநேகமாக ஒரு பக்க பிடிஎஃப். மேலே ஒரு லோகோ, நடுவில் 120 நிமிடம், கீழே சீல். அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. முழு டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கேளுங்கள். ஃபிரேம் படம், கண்ணாடியின் அளவு, உலையில் வைத்து எரித்தபோது எடுத்த போட்டோ எல்லாம் அதில் இருக்கும். 'அது கம்பெனி ரகசியம், தர முடியாது' என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள்.

நான் பீன்யாவில் ஸ்டீல் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறேன். சொந்த ஊர் தருமபுரிப் பக்கம். கதவு, ஃபிரேம், கண்ணாடிப் பார்ட்டிஷன் வேலைகளை சப் காண்ட்ராக்டில் எடுத்துச் செய்கிறோம். படித்தது ஐடிஐ ஃபிட்டர். 'ஃபயர் கன்சல்டன்ட் பேச வேண்டியதை ஃபேப்ரிகேட்டர் ஏன் பேசுகிறார்' என்று கீழே யாராவது எழுதுவார்கள், தெரியும். கன்சல்டன்ட் எழுதுவது வரைபடத்தில். லாரியிலிருந்து உண்மையில் என்ன இறங்குகிறது என்று பார்ப்பது எங்களைப் போன்றவர்கள்தான். எந்தக் கண்ணாடிக் கம்பெனியிலும் எனக்குக் கமிஷன் கிடையாது. அதனால் பிராண்டு பெயர் எதையும் சொல்லப் போவதில்லை.

முதலில் டஃபன்ட். அது பாதுகாப்புக் கண்ணாடி, மறுக்கவில்லை. உடைந்தால் ஆளைக் கிழிக்காமல் சின்னச் சின்னத் துண்டாக உதிரும், அதற்காகச் செய்தது. சாதாரணக் கண்ணாடியைவிடச் சூட்டை அதிகம் தாங்கும் என்பதும் உண்மை. ஆனால் தீ முற்றினால் சில நிமிடத்தில் மொத்தமாக உதிர்ந்துவிடும். அப்புறம் அங்கே சுவரே இல்லை, திறந்த வாசல்தான். டஃபன்ட் போதும் என்று உங்களிடம் சொன்னவர் ஐஎஸ் 2553 சர்டிபிகேட்டைக் காட்டியிருப்பார். அது பாதுகாப்புக் கண்ணாடிக்கான தரம். தீயை எத்தனை நிமிடம் தடுக்கும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இப்போது விலை வித்தியாசம். ரிப்போர்ட்டில் 120 என்ற எண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்தைப் பாருங்கள். ஐரோப்பிய முறையில் ஈ (E), ஈடபிள்யூ (EW), ஈஐ (EI) என்று மூன்று வகை. ஈ என்றால் தீச்சுவாலையும் சூடான வாயுவும் மறுபக்கம் வராது, அவ்வளவுதான். வெப்பம் தாராளமாக வரும். ஈடபிள்யூ என்றால் அந்த வெப்பக் கதிர்வீச்சுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் சதுர மீட்டருக்கு 15 கிலோவாட்டைத் தாண்டக் கூடாது. ஈஐ என்றால் கண்ணாடியின் மறுபக்கமே அதிகம் சூடாகக் கூடாது. ஆரம்பத்தில் இருந்த சூட்டிலிருந்து சராசரியாக 140 டிகிரிக்கு மேலும், எந்த ஓர் இடத்திலும் 180 டிகிரிக்கு மேலும் ஏறக் கூடாது. மூன்றுக்கும் 120 நிமிடம் என்று போடலாம், மூன்றும் உண்மையாகவும் இருக்கும். உங்கள் மூன்று விலையும் வேறு வேறு எழுத்துக்கு வந்தவையாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

இதே விஷயத்தில்தான் ஜிகணியில் ஒரு ஃபேக்டரி வேலையில் எனக்கு மல்லுக்கட்டு நடந்தது. கெமிக்கல் ஸ்டோருக்கும் அதை ஒட்டிய நடைபாதைக்கும் நடுவே கண்ணாடிச் சுவர். ஸ்டோருக்குள் என்ன நடக்கிறது என்று சூப்பர்வைசர் வெளியிலிருந்தே பார்க்க வேண்டும் என்பது மேனேஜ்மெண்ட் விருப்பம். பிஓக்யூவில், அதாவது வேலைக்கான பொருள் பட்டியலில், '120 நிமிட ஃபயர் ரேட்டட் கண்ணாடி' என்று மட்டும் இருந்தது, எழுத்து இல்லை. பர்ச்சேஸில் இருந்தவர் விலை குறைந்ததை எடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் கையில் இருந்த காகிதத்தில் அவ்வளவுதான் எழுதியிருந்தது. ஃபிரேம் மட்டும்தான் என் வேலை. ஃபிரேம் செய்ய எனக்கு டெஸ்ட் ரிப்போர்ட் வேண்டும் என்று கேட்டு வாங்கிப் படித்தேன். ஈ 120. ஒற்றைக் கண்ணாடி, நடுவில் வெப்பத்தைத் தடுக்கும் ஜெல் கிடையாது.

அந்த நடைபாதையை நினைத்துப் பாருங்கள். இரண்டு பேர் உரசாமல் எதிரெதிரே நடக்க முடியாத அகலம். பேக்கிங் ஹாலில் இருக்கும் பெண்கள் வெளியே ஓட வேண்டிய வழியும் அதுதான். பட்டறை போடுவதற்கு முன்னால் நான் பீன்யாவில் ஒரு ஹீட் ட்ரீட்மெண்ட் கம்பெனியில் வேலை பார்த்தவன். அங்கே உலைக் கதவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பார்வைக் கண்ணாடி இருக்கும். தீ உள்ளேதான் இருக்கும், ஒரு பொறிகூட வெளியே வராது. ஆனாலும் அதன் நேரே முகத்தைக் கொண்டுபோனால் புருவம் பொசுங்குகிற மாதிரி இருக்கும், கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியாது. உள்ளங்கை அளவுக்கே அப்படி. இங்கே ஒரு சுவரே அப்படி ஆகப் போகிறது, அதை ஒட்டி ஜனங்கள் ஓட வேண்டும்.

இதை மீட்டிங்கில் சொன்னேன். சைட் மேனேஜர் கன்னடக்காரர், என்னோடு தமிழில்தான் பேசுவார். "என்னப்பா, சர்டிபிகேட்தான் இருக்கே, ஒரு கண்ணாடிக்கு இத்தனை பேப்பரா?" என்றார். "சார், பேப்பர்ல இருக்கறதத்தான் நானும் சொல்றேன், நீங்களே படிங்க" என்று ரிப்போர்ட்டின் உள்பக்கத்தை எடுத்து வைத்தேன். ஈ என்பதற்கு எதிரே 120 என்றும், வெப்பத் தடுப்பு என்ற வரிக்கு எதிரே 'பொருந்தாது' என்றும் அச்சாகியிருந்தது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கன்சல்டன்ட்டுக்கு மெயில் போனது. தப்பிக்கும் வழியை ஒட்டி இருப்பதால் ஈஐ 120 என்று திருத்தி அனுப்பினார். அன்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தக் கண்ணாடி இன்றும் அங்கே நின்றிருக்கும். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

கண்ணாடி மாறியதோடு முடியவில்லை. பலரும் கோட்டை விடுவது அடுத்த இடத்தில்தான். டெஸ்ட் செய்வது கண்ணாடியை மட்டும் அல்ல. ஃபிரேம், கண்ணாடியை ஓரத்தில் பிடிக்கும் பீடிங், செராமிக் டேப், கீழே வைக்கும் செட்டிங் பிளாக், ஸ்க்ரூ எத்தனை இடைவெளியில் என்பது வரை ஒரு முழு செட்டாகத்தான் உலையில் வைக்கிறார்கள். பாஸாவதும் அந்த செட்தான். அதே கண்ணாடியை வேறு ஃபிரேமில் போட்டால் அந்த ரிப்போர்ட் உங்களுக்கு உதவாது. ஜிகணியிலேயே, மற்ற பார்ட்டிஷன்களோடு பார்க்க ஒரே மாதிரி இருக்கட்டும் என்று அலுமினிய செக்‌ஷன் கேட்டார்கள். டெஸ்ட் உலையில் ஒரு மணி நேரத்தில் சூடு 945 டிகிரிக்குப் போகும், இரண்டு மணி நேரத்தில் 1,049. அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். கண்ணாடி நிற்கும், அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஃபிரேம் ஒழுகிவிடும். அலுமினியத்திலும் டெஸ்ட் செய்த விசேஷ சிஸ்டம் உண்டு, உள்ளே வெப்பம் தடுக்கும் பொருள் நிரப்பியிருப்பார்கள். அது வேறு. கடையில் கிடைக்கும் சாதா செக்‌ஷன் அது இல்லை.

அளவும் அப்படித்தான். டெஸ்ட் செய்ததைவிடப் பெரிய கண்ணாடிப் பலகை வேண்டுமென்றால் அதற்குத் தனி ரிப்போர்ட்டோ, டெஸ்ட் செய்த லேபின் எழுத்து மூலமான அசெஸ்மெண்ட்டோ வேண்டும். எங்கள் சுவரின் உயரம் ரிப்போர்ட்டில் இருந்ததைத் தாண்டியது. அதனால் மேலே கொஞ்சம் பிளாக் சுவர் கட்டி உயரத்தைக் குறைக்கச் சொன்னேன். ஆர்க்கிடெக்ட் முகம் சுளித்தார், செய்தார்கள்.

கண்ணாடி வந்த அன்று ஒவ்வொரு பலகையின் மூலையையும் டார்ச் அடித்துப் பார்த்தேன். அழியாத முத்திரை இருக்க வேண்டும். தயாரித்தவர் பெயர், கண்ணாடியின் வகை, ரேட்டிங் இவை இருந்தால்தான் ரிப்போர்ட்டோடு ஒப்பிட முடியும். ஸ்டிக்கர் கணக்கில் வராது, கழுவினால் போய்விடும். சிலவற்றில் முத்திரை இல்லை, இறக்காமல் லாரியிலேயே திருப்பி அனுப்பினோம். ஒரு பலகையில் முத்திரை இருந்தது, ஆனால் ஓரத்து டேப் கிழிந்து மூலை பால் மாதிரி வெளுத்திருந்தது. ஈஐ கண்ணாடிகளின் நடுவே ஜெல் மாதிரி ஒரு படலம் இருக்கும். தீ பட்டால் அது நுரைத்து, கண்ணாடி வெள்ளையாகி, வெப்பத்தைத் தடுக்கும். அந்தப் படலத்துக்கு ஈரம் ஆகாது, வெயிலும் பல வகைகளுக்கு ஆகாது. ஓரத்தை டேப் ஒட்டி மூடியிருப்பது அதற்காகத்தான். வெயில் படும் பக்கமானால் அதற்கென்று செய்ததா என்று கேட்டு வாங்க வேண்டும்.

எங்கள் பையன் ஒருவன், நல்ல வேலைக்காரன், திறப்பு எட்டு எம்எம் குறைகிறது என்றதும் "அண்ணே, ஓரத்துல ஒரு ஓட்டு ஓட்டிடலாமா?" என்று கிரைண்டரை எடுத்தான். ஓடிப்போய்த் தடுத்தேன். டஃபன்டையும் சைட்டில் வெட்ட முடியாது, இதையும் தொடக் கூடாது. சுவரைத்தான் கொத்தினோம். ஆகவே சிவில் வேலை முடிந்து, பூச்சு காய்ந்து, திறப்பை நேரில் அளந்த பிறகுதான் ஆர்டர் கொடுங்கள். வரைபடத்து அளவை நம்பி ஆர்டர் போடாதீர்கள்.

எடையையும் யோசியுங்கள். கண்ணாடி ஒரு எம்எம் பருமனுக்குச் சதுர மீட்டருக்கு இரண்டரை கிலோ. ஈஐ கண்ணாடி பல அடுக்கு, பருமன் அதிகம். கதவில் போட்டால் கீல், கதவைத் தானாக மூடும் க்ளோசர் எல்லாமே அதற்கேற்றபடி டெஸ்ட் ஆனதாக இருக்க வேண்டும்.

லேப் விஷயம். ரிப்போர்ட் கொடுத்த லேபுக்கு, லேப்களை அங்கீகரிக்கும் என்ஏபிஎல் அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா, அந்த அங்கீகாரம் தீ டெஸ்டுக்கும் சேர்த்துத்தானா என்று என்ஏபிஎல் இணையதளத்திலேயே பார்க்கலாம். ரூர்க்கியில் இருக்கும் மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனமான சிபிஆர்ஐ இந்த டெஸ்டைச் செய்கிறது. வெளிநாட்டு ரிப்போர்ட் என்றால் எந்த நாட்டுத் தரம் என்று கேளுங்கள். அமெரிக்கச் சோதனை நிறுவனமான யூஎல் என்றால் அவர்கள் இணையப் பட்டியலில் தேடலாம். இன்னொன்று, டெஸ்ட் ரிப்போர்ட் வேறு, சர்டிபிகேஷன் வேறு. ரிப்போர்ட் அன்று எரித்த மாதிரிக்கு மட்டும்தான். சர்டிபிகேஷன் என்றால் ஃபேக்டரிக்கு ஆள் வந்து, தொடர்ந்து அதே தரத்தில் செய்கிறார்களா என்று பார்ப்பார்கள். இரண்டும் இருப்பவருக்கு முதலிடம் கொடுங்கள்.

'கண்ணாடி போட்டால் மட்டும் உயிர் தப்புமா' என்று கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். தப்பாது. 2010 பிப்ரவரி 23 அன்று பழைய ஏர்போர்ட் ரோட்டில் கார்ல்டன் டவர்ஸ் எரிந்ததில் 9 பேர் இறந்தார்கள். புகை தாங்காமல் மேலிருந்து குதித்தவர்களும் அதில் உண்டு. படிக்கட்டு கதவைப் பூட்டி வைத்திருந்தால் எந்தக் கண்ணாடியும் காப்பாற்றாது. முகப்புக் கண்ணாடி முழுவதையும் ஃபயர் ரேட்டட் ஆக்கச் சொல்லி யாராவது உங்களிடம் விற்கப் பார்த்தால் யோசியுங்கள். அங்கே புகை வெளியேறத் திறக்கும் பலகைகள்தான் முக்கியம். இந்தக் கண்ணாடிக்கு வேலை உள்ளே: படிக்கட்டு, லிஃப்ட் லாபி, ஸ்டோர், தப்பிக்கும் நடைபாதை.

விலை அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். அதனால் இடத்தைக் குறையுங்கள், தரத்தைக் குறைக்காதீர்கள். முழுச் சுவருக்குப் பதில் செங்கல் சுவரில் ஒரு பார்வை ஜன்னல் போதுமா என்று ஆர்க்கிடெக்ட்டைக் கேளுங்கள். பல இடத்தில் போதும்.

சொல்ல வந்தது இல்லை என்றாலும் சொல்கிறேன். ஜிகணி வேலையில் 'கண்ணாடியால் தாமதம்' என்று காரணம் காட்டி என் ரிடென்ஷன் பணத்தை, அதாவது வேலை சரியாக முடியும் வரை பில்லில் கழித்து வைக்கும் தொகையை, வெகுநாள் பிடித்து வைத்தார்கள். பில் போட்ட மாதமே ஜிஎஸ்டி நான் கட்டியாகிவிட்டது, பணம் வரவில்லை. சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டு சட்டமே இருக்கிறது. கேட்டால் அடுத்த வேலை கிடைக்காது என்று எங்கள் ஆட்கள் யாரும் கேட்பதில்லை. சரியாக வேலை செய்யச் சொல்பவனுக்கு இந்த ஊரில் இதுதான் கிடைக்கிறது. நீங்கள் கம்பெனித் தரப்பில் இருப்பதால் எழுதுகிறேன்: உங்கள் ஃபேப்ரிகேட்டர் கேள்வி கேட்டால் தாமதம் என்று எழுதாதீர்கள்.

சரி, உங்கள் மூன்று கொட்டேஷனுக்கு வருகிறேன். மூவருக்கும் ஒரே மெயில் அனுப்புங்கள். எந்த இடத்துக்கு எந்த எழுத்து, எத்தனை நிமிடம் என்று உங்கள் கன்சல்டன்ட்டிடம் எழுதி வாங்கி அதில் போடுங்கள். ஃபிரேமோடு சேர்ந்த முழு ரிப்போர்ட், அதிகபட்ச அளவு, முத்திரையின் போட்டோ இந்த மூன்றையும் கேளுங்கள். விலையை அப்புறம் ஒப்பிடுங்கள். கதவுக்கு ரிப்போர்ட் தனி, பார்ட்டிஷனுக்கு ரிப்போர்ட் தனி. பார்ட்டிஷன் ரிப்போர்ட்டைக் காட்டியே கதவையும் தலையில் கட்டப் பார்ப்பார்கள், விடாதீர்கள்.